அண்ணனின் மூளைக் கொழுப்பு

1

பாரிஸுக்கு வெளியே, ரயில் போய் முடிகிற ஒரு புறநகரில், சிறுவர் பள்ளிக்கூடமொன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் எனக்கு வேலை. பரிமாறுவது, மேசை துடைப்பது, காரட்டைச் சாப்பிட்டால்தான் தயிர் கிடைக்கும் என்று பொய்யாக மிரட்டுவது. அங்கே தட்டு உடைவது சாதாரணம். யார் கையிலிருந்து விழுந்தாலும் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து கைதட்டி ஆரவாரம் செய்வார்கள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் என் கையிலிருந்து ஒன்று விழுந்தது. பிள்ளைகள் தட்டினார்கள். நானும் மேடையில் நிற்பவளைப் போலத் தலை குனிந்து வணக்கம் வைத்தேன். பிறகு சமையலறைக்குப் பின்னால் போய், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்கள் ஆடுகின்றனவா என்று பார்த்தேன்.

ஆடின. குளிரிலா, பயத்திலா, வேறு எதனாலாவதா என்று தெரியவில்லை.

மண்டபத்துப் பொறுப்பாளர் மொனிக் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையை ஏன் இப்படி நீட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டார். என் அண்ணனுக்கு மூளையில் ஒரு நோய், அப்பாவிடமிருந்து வந்தது, எனக்கும் வரலாம் என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். பிரெஞ்சில் மூளைக்கு ‘செர்வோ’. தலைமுடிக்கு ‘ஷெவோ’. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் பதற்றம் வந்தால் இரண்டும் என் வாயில் ஒன்றாகிவிடும். மொனிக் என் தோளில் கை வைத்து, “என் தகப்பனுக்கு முப்பது வயதிலேயே எல்லாம் போய்விட்டது. மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார்” என்றார். மறுநாள் ஒரு போத்தல் ஷாம்பு கொண்டுவந்து தந்தார்.

திருத்தத் தைரியம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். நல்ல ஷாம்பு.

2

நான் இலங்கையில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இங்கே வேண்டும். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போனால், “எந்த ஊர்?” என்பார்கள். “வட்டவளை” என்பேன். “அது வவுனியாவுக்குக் கிட்டவோ?” என்பார்கள். ஹட்டன் என்று சொன்னால்தான் முகம் மலரும். “ஓ, தேயிலை! பள்ளிக்கூடத்தால சுற்றுலா வந்தனாங்கள். நல்ல குளிர்.” அவ்வளவுதான் நாங்கள். குளிர்.

என் கணவர் குகநாதன் பருத்தித்துறைக்காரர். கொழும்பில் ஒரே துணிக்கடையில் வேலை செய்தபோது பழக்கம். கல்யாணமாகிய நாளிலிருந்து ஒரே வீட்டுக்குள் இரண்டு தமிழ் பேசிக் குடும்பம் நடத்துகிறோம். எங்கள் மகள் அபி இதில் மூன்றாவது தமிழ் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பிரெஞ்சில் பசியையும் பயத்தையும் ‘வைத்திருப்பார்கள்’. ஆகவே அவள், “அம்மா, பசி வச்சிருக்கிறீங்களா?” என்று கேட்பாள். சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது பல்கலைக்கழகம் போகிறாள், அது அப்படியே இருக்கிறது. பதினாறு வயதுக்குப் பிறகு அவள் எங்களோடு தமிழ் பேசுவதே குறைந்துவிட்டதால், வருவது வரட்டும் என்று திருத்தாமல் விட்டுவிட்டோம்.

அப்பாவின் பெயர் பெரியசாமி. தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை. நாற்பது வயதைத் தாண்டியதும் அவருடைய கைகளும் தோள்களும் சொல்லாமலே அசையத் தொடங்கின. நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வார். பேச்சுக் குழறியது. காரணமில்லாமல் கோபம் வந்தது. சாராயத்தை வாயில் வைத்தே பார்க்காத மனிதர் அவர். மாலை போட்டுச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர். தோட்டம் முழுக்க அவருக்கு ‘தண்ணிப் பெரியசாமி’ என்று பெயர். நாங்கள் மறுத்தால், “பகல்ல குடிக்கிறவங்க வாசம் வராம குடிப்பாங்க” என்று விளக்கம் சொல்வார்கள். அந்தப் பெயரோடுதான் செத்துப் போனார்.

அண்ணன் செல்வராஜ் கொழுந்து லொறி ஓட்டினார். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஆலைக்கு இறக்கும் லொறி. வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் அவருடைய கால் அவரைக் கேட்காமல் தானாக அசைந்து, லொறி பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்த வேலை, அவருடைய வாயை மோந்து பார்த்ததுதான்.

அண்ணி தவமணி மட்டும் விடவில்லை. தோட்டத்து மருந்துக்காரர், ஹட்டன் டாக்டர், பிறகு கண்டியில் ஒரு நரம்பு டாக்டர் என்று இழுத்துக்கொண்டே போனார். கண்டிக்காரர் அப்பாவைப் பற்றி நெடுநேரம் விசாரித்துவிட்டு, இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

“மலரு, என்னா வியாதின்னு கண்டுபுடிச்சிட்டாங்க. ஹட்டன் வியாதியாம்.”

“என்னண்ணே சொல்றீங்க? ஹட்டன் வியாதியா?”

“ஆமாடி. வெள்ளக்காரன் தேயிலய நட்டுட்டுச் சும்மா போகல. வியாதிக்கும் நம்ம ஊரு பேர வச்சிட்டுத்தான் போயிருக்கான்.”

அபி வட்சப்பில் வந்த அறிக்கையின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். ஹண்டிங்டன் நோய். அந்த இரவு அவள் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை. மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு என் முன்னால் உட்கார்ந்து, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். இது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வராவிட்டால் அந்தக் கிளையோடு முடிந்தது, அதற்குக் கீழே யாருக்கும் வராது.

“அம்மா, நீங்க பயம் வச்சிருக்கிறீங்களா?”

“இல்ல” என்றேன்.

“நான் வச்சிருக்கிறேன்” என்றாள்.

3

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த நாட்டில் இந்தச் சோதனைக்கு நேரே போய்க் கையை நீட்ட முடியாது. முதலில் மரபணு டாக்டர், பிறகு நரம்பு டாக்டர், பிறகு மனநல ஆலோசகர். ஒவ்வொருவரும், உனக்கு உண்மையாகவே தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள். யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். ஊரில் டாக்டர் நம்மைப் பேச விடுவதில்லை என்று குறை சொல்வோம். இங்கே பேசிப் பேசியே ஆளைக் களைக்க வைத்துவிடுகிறார்கள்.

இடையில் என் அண்ணன் என் அண்ணன்தானா என்ற சந்தேகமும் வந்தது. அவருடைய பிறப்புப் பத்திரத்தில் அப்பா ‘பெரியசாமி’. என்னுடையதில் ‘பெரசாமி’. பதிவுகாரர் காதில் விழுந்தபடி எழுதியது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவில் இருந்த பெண்மணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இரண்டு தகப்பன்மாரா?” என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணி கிராம சேவகரிடம் போய் ஒரு கடிதம் வாங்கி அனுப்பிய பிறகுதான் நாங்கள் மறுபடியும் உடன்பிறந்தவர்களானோம்.

மரபணு டாக்டர் இளம்பெண். அபியை விடப் பத்து வயது கூட இருக்கலாம். அண்ணனுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று நான் கேட்டதற்கு, உடலின் ஆட்டத்தைக் குறைக்க மருந்து உண்டு, நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, ஆனால் பல வழிகளில் முயன்று பார்க்கிறார்கள் என்றார். அதில் ஒரு வழி மூளையின் கொலஸ்ட்ரோல் சம்பந்தப்பட்டது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த குகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் கொலஸ்ட்ரோல் உண்டு. அதைப் பற்றி யாரோடும் எவ்வளவு நேரமும் பேசக்கூடியவர். இத்தனை மாதமாக ஆஸ்பத்திரியில் ஒன்றும் விளங்காமல் இருந்த மனிதருக்கு, கடைசியாகத் தெரிந்த முகம் ஒன்றைக் கண்ட சந்தோஷம்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோல் வேறு, மூளையில் இருப்பது வேறு. நாம் சாப்பிடுவது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. நரம்புகளுக்கு உறை போடவும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் அது வேண்டும். பழையதை வெளியேற்றுவதற்கு மூளையில் ஒரு நொதி இருக்கிறது. இந்த நோயில் அந்த நொதி குறைந்துவிடுகிறது. பழையது போகாமல் தேங்க, புதியது செய்யும் வேலையும் மந்தமாகிறது. அந்த நொதியைச் செய்யும் மரபணுவை, நோய் தராதபடி மாற்றிய ஒரு வைரஸுக்குள் வைத்து, மண்டையில் சிறு துளை போட்டு மூளையின் ஆழத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். எலிகளில் நல்ல பலன். மனிதரில் இப்போதுதான் தொடக்கம்.

“அண்ணனுக்கு அதைக் கொடுங்கள்” என்றேன்.

“அது இன்னும் மருந்து இல்லை, மேடம்” என்றார் டாக்டர். “நாங்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறோம். முதல் கேள்வி, இதைச் செய்தால் ஆபத்து இல்லாமல் இருக்குமா என்பதுதான். குணமாகுமா என்பது அதற்குப் பிறகு.” நோய் தொடங்கிய நிலையில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். பக்கத்தில் இருக்க வேண்டும், வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அண்ணனின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, அவர் அந்த நிலையைத் தாண்டிவிட்டார் என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேசியது குகநாதன்தான். ரயிலில் இருந்தபடியே வட்டவளைக்குப் போன் போட்டு, என் அண்ணியிடம் பேசினார்.

“அக்கா, இவ்வளவு காலமும் காரணம் தெரியாமல் இருந்திட்டம். கொலஸ்ட்ரோல்தான் எல்லாத்துக்கும் காரணமாம். மச்சானுக்குத் தேங்காயை நிப்பாட்டுங்கோ. முட்டை, இறைச்சி ஒண்டும் வேண்டாம். நானும் அப்படித்தான் குறைச்சனான்.”

நான் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் வழக்கம்போலத் தன் கொலஸ்ட்ரோலைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

4

சித்திரை விடுமுறையில் நானும் அபியும் ஊருக்குப் போனோம். வட்டவளையில் மழை எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. லயத்து வாசலில் அண்ணன் நின்றார். கன்னம் இரண்டும் உள்ளே போய், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தோள் ஒன்று மேலே போய்க் கீழே இறங்கியது. விரல்கள் எதையோ எண்ணுவது போல ஓயாமல் அசைந்தன.

“என்னா பாக்குற? ஒல்லியாகி வடிவாயிட்டேன்ல?” என்றார். சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன.

மத்தியானம் எனக்கும் அபிக்கும் தேங்காய்ச் சம்பலும் முட்டைப் பொரியலும் கோழிக்குழம்பும். அண்ணனுக்கு அவித்த போஞ்சிக்காயும் சோறும்.

“இது என்ன அண்ணி?” என்றேன்.

“கொழுப்பாம்ல. மூளையில கொழுப்புத் தேங்கிருச்சுன்னு ஒன் வீட்டுக்காரரு சொன்னாரு. நானும் நாலு மாசமா ஒரு சொட்டுத் தேங்காப்பால் குடுக்கல புள்ள. இவரு என்னான்னா பக்கத்து லயத்து ராசம்மா வீட்டுல போயி களவா தேங்கா ரொட்டி வாங்கித் திங்கிறாரு.”

“எனக்குக் கொழுப்புன்னு பள்ளிக்கூட வாத்தியாரு அப்பவே சொன்னாரு” என்றார் அண்ணன். “இவளுக்கு இப்பதான் ரிப்போட்டு வந்திருக்கு.”

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த நோயில் உடல் ஓயாமல் அசைவதால் சாப்பிட்டதெல்லாம் எரிந்து போகும், சாதாரண ஆளை விட அதிகமாகச் சாப்பிட வேண்டும் என்று பாரிஸ் டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதமாக என் கணவர், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து, நல்லெண்ணத்தினாலேயே என் அண்ணனைப் பட்டினி போட்டிருக்கிறார்.

அபி எழுந்து மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் மூன்றாவது தமிழில், டாக்டர் வரைந்த படத்தை ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தாள். சாப்பிடுகிற கொழுப்பு மூளைக்குள் போகாது என்பதைக் காட்ட ஒரு கதவு வரைந்து, அதற்குப் பெரிய பூட்டும் போட்டாள். அண்ணி பூட்டை உற்றுப் பார்த்தார்.

“அப்ப தேங்கா?”

“தேங்கா நல்லம். மாமா நிறையச் சாப்பிடுறது வேணும்.”

“முட்ட?”

“ரெண்டு. மூண்டு.”

அண்ணி எழுந்தார். கோழிச் சட்டியை அப்படியே தூக்கி வந்து அண்ணனின் தட்டில் கவிழ்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய், சத்தமில்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கை வாய்க்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் திசை மாறியது. குழம்பு சட்டையிலும் விழுந்தது. யாரும் உதவி செய்யக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னார்.

“மாப்பிள்ளைக்குப் போன் போடு” என்றார் முடிந்ததும். குகநாதன் திரையில் வந்தார். “மாப்ள, ஒங்க கொலஸ்ட்ரோலுக்கு நான் மருந்து சொல்றேன். ஒரு நாளைக்கு நாலு முட்ட சாப்பிடுங்க.” குகநாதன் அன்று முழுவதும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாமான் வாங்க ஹட்டனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் ஏறிய அண்ணனைக் கொண்டக்டர் மறித்தார். சின்ன வயது. “பீலா” என்றார் சிங்களத்தில், குடித்திருக்கிறான் என்று. இறங்கச் சொல்லிக் கையையும் காட்டினார். பஸ் நிறைய எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“பீலா நெஹே. லெடெக்” என்றார் அண்ணி. குடிக்கவில்லை, நோயாளி. அதையே மூன்று தரம், ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். கொண்டக்டர் நம்பவில்லை. அப்போது அண்ணன் அண்ணியின் கையை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார்.

“எல்லாரும் கேளுங்க. யாரு வேணும்னாலும் வந்து என் வாய மோந்து பாக்கலாம். காலையில சம்பல் சாப்பிட்டேன், வெங்காய வாசம் வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல.” சிலர் சிரித்தார்கள். “இது மூள வியாதி. பழைய கொழுந்து ஆலை மாடத்துல தேங்கிக் கெடந்தா புதுக் கொழுந்தக் கொட்ட எடமிருக்காதுல்ல? அந்த மாதிரி. ரத்தத்துலயே வர்றது. எங்கப்பாகிட்டருந்து வந்துச்சு.”

முன் சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா மெதுவாகக் கேட்டார். “அப்ப பெரியசாமி அண்ணனுக்கும் இதுதானா?”

“அவருக்கும் இதுதான்.”

“குடிக்கலையா அவரு?”

“ஒரு நாளும் குடிக்கல.”

பஸ்ஸில் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா எழுந்து, மடியில் வைத்திருந்த தன் பையைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, “வா தம்பி, இங்கன ஒக்காரு” என்றார். நாங்கள் இறங்கும் இடத்தில் கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, அண்ணன் இரண்டு காலையும் தரையில் வைக்கும்வரை மணி அடிக்காமல் நின்றார்.

மேட்டில் ஏறி வரும்போது அண்ணன் களைத்துவிட்டார். ஒரு மதகில் உட்கார்ந்தோம். அபியும் அண்ணியும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அபி சொன்ன அந்த மண்டையில ஓட்ட போடுற வைத்தியம்” என்றார். “எனக்குக் கெடைக்காதுல்ல?”

சொல்ல வேண்டியதைப் பாரிஸிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். “கெடைக்காதுண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். ஆட்டியது அவரா நோயா என்று தெரியவில்லை. “எங்களுக்குப் புள்ள இல்லன்னு தவமணி எத்தன கோயில் ஏறிருப்பா. முருகன வாய்க்கு வந்தபடி திட்டிருக்கேன். போன மாசம் போயி, திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.” என் பக்கம் திரும்பினார். “ஒனக்கு எப்ப சொல்லுவாங்க?”

“நான் கேட்டா சொல்லுவாங்க.”

“கேளு. அந்தப் புள்ளைக்காகக் கேளு. வந்துருந்தா, ரெண்டு பேருமா சேந்து ஆடுவோம். நம்ம தோட்டத்துத் திருவிழாவுக்கு வெளியிலருந்து ஆளு புடிக்க வேண்டியதில்ல.”

5

கேட்டேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் அபியும் குகநாதனும் இரண்டு பக்கமும் உட்கார, அந்த இளம் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். “உங்களுக்கு இல்லை.”

அபி எழுந்து, டாக்டரைக் கட்டிப்பிடித்தாள். குகநாதன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான், இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். தேவையில்லை, நிச்சயம் என்றார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்த மனநல ஆலோசகர், மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், பாதிக்குப் பாதி, அண்ணன் என் பங்கையும் எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது என்றேன். அப்படியில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக விழுவது, யாரும் யாருடையதையும் எடுப்பதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். புத்திக்கு விளங்கியது. என்றாலும் அண்ணனுக்குப் போன் எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

“இல்லையாம்ணே” என்றேன். மறுபக்கம் ஒரு பெரிய சத்தம். அவர் கையிலிருந்து போன் விழுந்திருந்தது. அண்ணி எடுத்து, “ஆடுறாரு புள்ள, வேணும்னே ஆடுறாரு” என்றார்.

சில வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். இந்த மூளைக் கொலஸ்ட்ரோல் ஆராய்ச்சிக்கு நோயாளிகள் மட்டும் போதாது, நோய் இல்லாதவர்களும் வேண்டும், அதே குடும்பத்தில் இருந்தால் இன்னும் நல்லது என்றார். முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். மூளையிலிருந்து வெளியேறும் கொழுப்பின் அளவு அதில் தெரியுமாம். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன். குகநாதன் தன்னுடைய நீரையும் எடுக்கலாமா என்று கேட்டார். அவருக்கு வயது கூடிவிட்டதாம். அது அவருக்குக் கொஞ்சம் கவலை.

ஊசி போடுகிற அன்று, முதுகைப் பூனையைப் போல வளைக்கச் சொன்னாள் நர்ஸ். வளைத்தேன். சொல்லுமளவு வலியில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் எழும்பாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். படுத்தபடியே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். முகத்தில் சதை போட்டிருந்தது. அண்ணி பின்னால் நின்று அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“என்னா நெறம்?”

“நெறமே இல்லண்ணே. தண்ணி மாதிரி.”

“அத வச்சு என்னா செய்வாங்க?”

“ஒரு நோயாளியோட நீருக்குப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. நோய் இல்லன்னா எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க.”

சொல் வருவதற்கு அவருக்கு இப்போது நெடுநேரம் எடுக்கிறது. காத்திருந்தேன்.

“அப்ப, எனக்கு இது வராம இருந்திருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்னு ஒன்னய வச்சுத்தான் பாக்கப் போறாங்களா?”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“ஏமாந்துருவாங்கடி” என்றார். “நான் ஒன்ன விட அறிவாளி. அத அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிரு.”

எனக்குச் சிரிப்பு வந்து, அது எங்கோ திரும்பி, கண்ணால் இறங்கியது. எழும்பக் கூடாது என்பதால் துடைக்கவும் முடியாமல் கிடந்தேன். வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தாள். இல்லை, என் அண்ணன் ஒரு விஷயம் சொல்லச் சொல்கிறார் என்று சொல்லி, அதைச் சொன்னேன். அவள் திரையில் இருந்த மனிதரைக் குனிந்து பார்த்தாள். ஆடுகிற தோளையும், பாதி வாரிய தலையையும் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“என்னா சொல்றா?” என்றார் அண்ணன்.

“எழுதிக்கிறாளாம்ணே.”